கை கொடுக்காதிருத்தல்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 19ஆவது நாள். மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் மதியச் சாப்பாட்டு நேரம். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ரசச் சோற்றைக் குழையப் பிசைந்து, சின்னக் கவளமாக உருட்டி, அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் அம்மாவின் மணிக்கட்டை மெதுவாகத் தொட்டு நிறுத்தினார். அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். “ஆன்ட்டி, ஜாஙான் தோலோங். பியார் அங்கிள் புவாட் சென்டிரி” என்றார். உதவாதீர்கள், அங்கிளே செய்யட்டும்.

அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனால் அன்று அந்த வாக்கியம் மட்டும் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, “என்னடா சொல்றா இந்தப் பொண்ணு? கட்டுன புருஷனுக்குச் சோறு ஊட்டக்கூடாதாமா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. தெரியவும் தெரியாது. அதன் பிறகு எட்டு மாதங்கள் ஓடிவிட்டன. அம்மாவின் கேள்வி என்னோடு வேலைக்கு வந்தது, டோல் சாவடியில் காத்து நின்றது, இரவில் பக்கத்தில் படுத்தது. ஒருவர் கண்முன்னே தடுமாறும்போது கைகொடுக்காமல் நிற்பது எப்போது அன்பாகும், எப்போது கொடுமையாகும்? நம் மொழியில் உதவி செய்வதையே ‘கை கொடுப்பது’ என்கிறோம். அந்தக் கையைக் கொடுக்காதே என்று சொல்வதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நான் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். கன்வேயரின் மோட்டார் எரிந்துபோனால் கழற்று, புதியதை மாட்டு, ஓட விடு. எவ்வளவு நேரம் லைன் நின்றது என்று பதிவு செய். என் வேலையின் தத்துவம் அவ்வளவுதான். அப்பா விழுந்தபோதும் என் மனம் அப்படித்தான் யோசித்தது. எந்த உதிரிப் பாகம் பழுது? எத்தனை நாளில் சரியாகும்? எத்தனை விழுக்காடு?

அப்பாவும் இயந்திரத்தோடு வாழ்ந்தவர்தான். 30 வருடங்களுக்கு மேல் லேத் பட்டறை. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதல் குறைவை விரல் நுனியால் தடவியே சொல்லிவிடுவார். அந்த விரல்கள்தான் இப்போது மூடிய மொட்டுபோல மடியில் கிடந்தன. இடப்பக்க மூளையில் ஓர் இரத்தக்குழாய் அடைத்தால் வலப்பக்க உடம்பு விழுகிறது. நாம் அதை ‘வாதம்’ என்கிறோம். சித்த மருத்துவத்தில் வாதம் என்பது காற்றின் கூறு. மலாயில் இதன் பெயர் ‘ஆங்கின் அஹ்மார்’, சிவப்புக் காற்று. இரண்டு மொழிக்காரர்களும் இதைக் காற்று அடித்ததாகவே பார்த்திருக்கிறார்கள். காற்று அடித்த வீட்டில் முதலில் என்ன செய்வோம்? எது நிற்கிறது, எது சாய்ந்தது என்று பார்ப்போம்.

மறுவாழ்வு மருத்துவர் செய்தது அதைத்தான். அதுவரை பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் அப்பாவின் மூளையைப் பார்த்தார்கள். ஸ்கேன், இரத்த அழுத்தம், சர்க்கரை. அவையும் தேவைதான், அவை இல்லையென்றால் அப்பா இல்லை. ஆனால் மறுவாழ்வு மருத்துவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: “வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?”

அப்படி ஒரு கேள்வியை அந்த 19 நாளில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா குழறிய நாக்கோடு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். “கையால... சாப்பிடணும்.”

இந்தத் துறையின் கேள்வி மற்றவற்றிலிருந்து வேறானது. செத்துப்போன மூளைப் பகுதி செத்ததுதான். அது முளைக்கப் போவதில்லை. வீக்கம் வடியும்போது சில ஆற்றல்கள் தாமாகத் திரும்பும். தப்பிப் பிழைத்த பகுதிகள், விடாத பயிற்சியால், இழந்த வேலையில் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ளும். மற்றதற்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே ‘என்ன நோய், எப்படிப் போக்குவது’ என்பதோடு இவர்கள் நிற்பதில்லை. ‘நோய் போகாவிட்டாலும் இந்த மனிதர் எதைச் செய்து வாழ முடியும்’ என்று கேட்கிறார்கள்.

இப்படிக் கேட்பது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் 80 வருடங்களுக்கு முன்புவரை முதுகுத்தண்டு முறிந்த ஒருவரைப் பற்றி இப்படி யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. படுக்கப் போடுவார்கள். படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் அவர் சாவதற்குக் காத்திருப்பார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கொரு தடவை, இரவிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். புண் குறைந்தது, ஆள் பிழைத்தார். பிழைத்தவரைச் சும்மா படுக்க விடவில்லை. வேலை கொடுத்தார், பந்து கொடுத்தார், வில் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 முன்னாள் படைவீரர்கள் அந்த மருத்துவமனைத் திடலில் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் விதை அது. அந்த வீரர்களுக்கு முதுகுத்தண்டு ஒட்டவில்லை. யாருக்கும் நோய் போகவில்லை. ஆனால் அம்பு போனது.

சரி, பயிற்சி வேண்டும். புரிகிறது. உதவக்கூடாது என்பது ஏன்?

இதற்கான விளக்கம் சங்கடமான ஓர் இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் குரங்குகளின் ஒரு கையிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வு நரம்புகளை வெட்டினார். அசைக்கும் நரம்புகளை வெட்டவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. பிறகு நல்ல கையைக் கட்டிப்போட்டார். குரங்கு வேறு வழியில்லாமல் அந்த ‘செத்த’ கையால் உணவை எடுக்க ஆரம்பித்தது. கை அசையக்கூடியதாகவே இருந்திருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய நாள்களில் முயன்று முயன்று தோற்றதில், ‘இது உதவாது’ என்று குரங்கு கற்றுக்கொண்டிருக்கிறது. டாப் இதைக் ‘கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை’ என்று விளக்கினார்.

பக்கவாதம் வந்த மனிதருக்கும் இதுவே நடக்கிறது என்பது அவர் ஊகம். முதல் வாரங்களில் கை அசையாது. முயல்வார், தோற்பார். இன்னொரு கை இருக்கிறது, மனைவியின் கை இருக்கிறது, மகனின் கை இருக்கிறது. பின்னர் மூளை கொஞ்சம் தேறி, கை அசையத் தயாராகும்போது, அதைக் கேட்க ஆளில்லை. இந்த அடிப்படையில் உருவான சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு, இரண்டு வாரங்களுக்கு. பலவீனமான கைதான் எல்லாம் செய்தாக வேண்டும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை கூடுதலாகத் தேறியிருந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 19 நாள்களாக நாங்கள் அன்பு என்று செய்ததெல்லாம் கண்முன் வந்தது. அம்மா ஊட்டினார். அக்கா தலை வாரிவிட்டாள். நான் சட்டை மாட்டிவிட்டேன். அப்பாவின் வலக்கைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, ‘நீ இனி வேண்டாம்’ என்று பாடம் நடத்தியிருக்கிறோம். இன்னொன்றும் செய்தோம். எழுந்து உட்கார வைக்க அந்தக் கையைப் பிடித்து இழுத்தோம். வாதம் விழுந்த தோளில் தசைப்பிடிப்பு இல்லாததால் மூட்டு எளிதில் நழுவும், இழுக்கவே கூடாது என்று பிறகுதான் சொன்னார்கள். கை கொடுத்ததில் கை வலித்தது.

அந்தக் குரங்குகளையும் தாண்டிப் போக முடியவில்லை. 1981இல் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் டாபின் ஆய்வகத்திலிருந்து 17 குரங்குகளைப் போலீஸ் எடுத்துச் சென்றது. அவை வைக்கப்பட்டிருந்த நிலையைக் கண்டு உள்ளே வேலைக்குச் சேர்ந்திருந்த விலங்குரிமைச் செயல்பாட்டாளர் ஒருவர் புகார் செய்திருந்தார். கொடுமைக் குற்றச்சாட்டில் முதலில் தண்டனைத் தீர்ப்பு வந்தது, மேல்நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. என் அப்பாவின் விரல்கள் மீண்டும் விரிந்ததற்குக் காரணமான அறிவில் அந்தக் கூண்டுகளுக்கும் பங்கு இருக்கிறது. இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. தெரியாததுபோல் கடந்துபோகவும் விருப்பமில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் உதவாதிருப்பதில் தேர்ச்சி பெற ஆரம்பித்தேன். பொறியாளன் அல்லவா! எக்செல் தாள் ஒன்று திறந்தேன். சட்டைப் பொத்தான் ஐந்தும் போட: 11 நிமிடம் 40 விநாடி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு: 2 நிமிடம் 15 விநாடி. பல் துலக்க, முகம் கழுவ, எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை. வாரக் கடைசியில் வரைபடம். கோடு ஏறினால் எனக்கு மகிழ்ச்சி, இறங்கினால் அப்பாவிடம் முகம் சுளிப்பேன். அம்மா உதவப் போனால் அதட்டுவேன். “அவருக்கு நல்லது செய்றேன்னு கெடுக்காதீங்கம்மா.”

இரண்டாவது மாதத்தில் ஓர் இரவு அப்பா யாரையும் எழுப்பாமல் கழிவறைக்குப் போனார். போகிற வழியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. நெற்றியில் நான்கு தையல். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் பேசியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “கூப்பிட்டா நீ திட்டுவேன்னுதான் அவர் கூப்பிடல.”

அதே வாரத்தில் அப்பா மூன்றாவது பொத்தானில் மாட்டிக்கொண்டு நின்றபோது நான் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொத்தானை விட்டார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, நான் என்ன உன் மெஷினா?”

உதவி திருடும் என்று கற்றுக்கொண்ட நான், உதவாமையும் திருடும் என்பதைக் கற்றுக்கொள்ள நான்கு தையல் ஆனது. முதலாவது கையின் ஆற்றலைத் திருடுகிறது. இரண்டாவது அதைவிடப் பெரியதை, கேட்கும் உரிமையை. வீட்டில் ஒருவர் ‘கொஞ்சம் பிடி’ என்று சொல்லக் கூச்சப்படும் நிலையை நான் உருவாக்கியிருந்தேன். தெரபிஸ்ட் சொன்ன ‘சென்டிரி’ என்ற சொல்லுக்கு ‘தனியாக’ என்றும் பொருள் உண்டு, ‘தானே’ என்றும் பொருள் உண்டு. நான் அதைத் ‘தனியாக’ என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை எட் ராபர்ட்ஸ் என்ற மனிதரின் வாழ்க்கைதான் எனக்குத் தெளிவாக்கியது. கலிபோர்னியாக்காரர். 14 வயதில், 1953இல், போலியோ. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாது. இரவில் மூச்சு விட இரும்பு நுரையீரல் என்ற பெட்டிக்குள் படுக்க வேண்டும். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர முயன்றபோது, மாநில மறுவாழ்வுத் துறை அவருக்கு உதவ மறுத்தது. இவ்வளவு கடுமையான ஊனத்தோடு இவரால் என்றுமே வேலை செய்ய முடியாது என்பது அவர்கள் கணக்கு. அவர் போராடிச் சேர்ந்தார், படித்தார். 1972இல் நண்பர்களோடு பெர்க்லியில் சுயேச்சை வாழ்வு மையத்தை அமைத்தார். 1975இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

ராபர்ட்ஸால் ஒரு பொத்தானைக்கூடப் போட முடியாது. என் எக்செல் தாளில் அவருக்கு எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்தான் விழும். ஆனால் எப்போது எழுவது, என்ன உடுத்துவது, எங்கே போவது, யார் தனக்கு உதவுவது என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். அவரும் அவர் நண்பர்களும் முன்வைத்த வாதம் இதுதான்: சுயேச்சை என்பது யார் கை வேலை செய்கிறது என்பதில் இல்லை, யார் முடிவெடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

நான் எக்செல் தாளை அழித்துவிட்டு அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். மருத்துவர் முதல் நாள் கேட்ட கேள்வியை நான் எட்டு வாரம் கழித்துக் கேட்டேன். எதை நீங்களே செய்யணும், எதுக்கு நாங்க வரணும்? அப்பா யோசித்துச் சொன்ன பட்டியல் எனக்கு வியப்பாக இருந்தது. சாப்பிடுவது அவரே. கழிவறை அவரே, ஆனால் இரவில் மட்டும் நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். முகச் சவரம் அவரே. குளிப்பாட்டுவது அம்மா. “அவ முதுகு தேச்சுவிட்டா நல்லாருக்கு” என்று சொல்லி ஒரு பக்கமாகச் சிரித்தார். பொத்தான் வேண்டவே வேண்டாம். “இனிமே டீ சட்டைதான். நான் என்ன ஆபீசுக்கா போறேன்?” நான் ஒன்றரை மாதம் அவரைப் பிழிந்தெடுத்த பொத்தான் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை!

அப்பாவின் பட்டியலைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய தடைகளில் பாதி அவர் உடம்பில் இல்லை, எங்கள் வீட்டில் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு இதைத்தான் சொல்கிறது. உடலின் குறை ஒன்று, அதனால் செய்ய முடியாமல் போகும் செயல் ஒன்று, அதனால் கலந்துகொள்ள முடியாமல் போகும் வாழ்க்கை ஒன்று. இந்த மூன்றையும் கூட்டவும் குறைக்கவும் செய்வது சுற்றுச்சூழல். எங்கள் தாமான் வீட்டுக் குளியலறை, இந்த நாட்டின் பெரும்பாலான குளியலறைகளைப் போல, கூடத்தைவிடத் தாழ்வானது. இருட்டில் அந்த இறக்கத்தில்தான் அப்பா விழுந்தார். அவர் காலுக்குப் பயிற்சி கொடுக்க நாங்கள் மாதக்கணக்கில் பாடுபட்டோம். அந்தப் படியைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது.

பிடிகம்பி மாட்டியபோதும் ஒரு பாடம். அப்பாவின் நல்ல கை இடது என்பதால் இடப்பக்கச் சுவரில் மாட்டினேன். உள்ளே போனார். வெளியே வரும்போது கம்பி வலப்பக்கத்தில் இருந்தது. மறுபடியும் துளைபோடும் கருவியை எடுத்தேன். வாசலில் 15 சென்டிமீட்டர் படி. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விகிதத்தில் அதற்கு 180 சென்டிமீட்டர் சாய்தளம் வேண்டும். காரை வெளியே நிறுத்திக்கொண்டு கட்டினோம்.

வீட்டைத் திருத்தலாம். ஊரை? அப்பா விரும்பிக் கேட்ட இன்னொன்று கோயில். பாதம் தொங்கி இழுபடாமல் இருக்க, காலில் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி அணிகிறார். காலணிக்குள் போட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கோயிலில் காலணியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தாங்கி தரையில் வழுக்கும், தாங்கியையும் கழற்றினால் பாதம் தடுக்கும். அதோடு வாசற்படி. அதை மிதிக்கக்கூடாது, தாண்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இப்போது அவரால் தாண்ட முடியவில்லை, மிதிக்க மனமில்லை. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தடவை போனபோது வயதான பூசாரி ஐயா வெளியே வந்து, “மிதிச்சிட்டு வாங்க. சாமி உங்க காலையா பாக்குது?” என்றார். அப்பா மிதித்துக்கொண்டு போனார். அந்தப் பூசாரி மறுவாழ்வு மருத்துவம் படித்ததில்லை.

ஆனால் எல்லாப் படியிலும் ஒரு நல்ல பூசாரி நிற்கமாட்டார். அதற்குத்தான் சட்டம். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் பொது இடங்களை அணுகுவதை உரிமை என்கிறது. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. வழக்காட முடியாத உரிமைக்கு என்ன பெயர் வைப்பது என்று சட்டம் படித்த நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், உடம்பின் பக்கத்தில் நாம் எதிர்பார்க்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட சிமெண்டின் பக்கத்தில் காட்டுவதில்லை. அப்பா ஒரு படி ஏற ஆறு மாதம் உழைக்க வேண்டும், நகரம் ஒரு படியை நீக்க எந்த அவசரமும் இல்லை.

கடைசியாக ஒன்று. இதைத்தான் நான் அதிகம் தள்ளிப்போட்டேன். மறுவாழ்வு மருத்துவம் வளர்ந்ததே போர்களாலும் தொழிற்சாலைகளாலும்தான். காயம்பட்ட வீரனை, விபத்தில் அடிபட்ட தொழிலாளியை, மீண்டும் ‘பயன்பட’ வைப்பது. நம் சொக்சோவும் 2007இலிருந்து வேலைக்குத் திரும்பும் திட்டத்தை நடத்துகிறது. மலாக்காவில் 2014இல் ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தையும் திறந்திருக்கிறது. நல்ல காரியம், சந்தேகமில்லை. வேலை என்பது வெறும் சம்பளம் இல்லை, அப்பாவைக் கேட்டால் தெரியும். ஆனால் வேலைக்குத் திரும்ப முடியாதவர்?

அப்பாவால் இனி லேத்தில் நிற்க முடியாது என்று எழுதிக் கொடுத்த நாளில் அவர் சொன்ன சொல்: “உதவாக்கரை ஆயிட்டேன்.” அந்தச் சொல்லை நான் நிறைய நேரம் யோசித்தேன். நாம் ஒருவரைத் திட்ட அதை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம்! உதவி செய்ய இயலாதவன் மனிதரில் சேர்த்தியில்லை என்கிற தீர்ப்பு அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அப்பாவே பலரை அப்படிச் சொல்லியிருக்கிறார். தான் சொல்லிவந்த தீர்ப்பு இப்போது தன் மேலேயே விழுந்ததில்தான் அவருக்கு வலி அதிகம் என்று நினைக்கிறேன். இந்த வலிக்கு எந்தத் தெரபிஸ்டிடமும் பயிற்சி கிடையாது. செயல்திறனை மீட்டுத் தருவது நல்லது. ஆனால் செயல்திறன்தான் மனிதனின் விலை என்ற எண்ணத்தையும் சேர்த்து மீட்டுத் தந்துவிட்டால், திரும்பி வராத மீதிக்காக அவர் வாழ்நாள் முழுக்கக் கூனிக்குறுக வேண்டியதுதான்.

போன மாதம் மறுபரிசோதனை. அதே தெரபிஸ்ட், அதே மேசை. ஆரம்பத்தில் அவர் தடித்த கைப்பிடி போட்ட கரண்டியை அப்பாவின் இடக்கையில் கொடுத்திருக்கிறார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடக்கையால் சோறா? அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. அவரும் வலக்கையால் சாப்பிடும் வீட்டிலிருந்து வந்தவர்தானே. கஞ்சிக்கு மட்டும் இடக்கைக் கரண்டி, சோற்றுக்கு வலக்கைப் பயிற்சி என்று இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஸ்பாஞ்சைப் பிழிவது, மொச்சைக் கொட்டையை எடுப்பது, ஈரத் துணியை உருட்டுவது என்று எட்டு மாதம். இப்போது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கூடுகின்றன. பிசைய வராது, எடுக்க வரும்.

அம்மா பிசைந்து தட்டின் ஓரத்தில் ஒரு பிடியாக ஒதுக்கினார். அப்பா மூன்று விரலால் எடுத்தார். பாதி மேசையில் விழுந்தது, பாதி வாய்க்குப் போனது. தெரபிஸ்ட் படிவத்தில் எழுதினார். பார்த்தல் அளவுகோல் என்று 1965இலிருந்து இருக்கிறது. பத்து அன்றாடச் செயல்கள், மொத்தம் 100 புள்ளி. சாப்பிடுவதற்கு அதிகபட்சம் 10. உணவை வெட்டித் தரவோ ரொட்டியில் வெண்ணெய் தடவித் தரவோ ஆள் வேண்டியிருந்தால் 5. சோறு பிசைந்து தருவது வெண்ணெய் தடவுவதற்குச் சமம். அப்பாவுக்கு 5.

ஏன் ஐந்து என்று அப்பா கேட்டார். நான் விளக்கினேன். அம்மா பிசைந்து தருவதால் பாதி. அப்பா கொஞ்ச நேரம் மென்றார். பிறகு தமிழில் சொன்னார்.

“முப்பத்திரண்டு வருஷமா அவதான் ஆக்கிப் போடுறா. அதுக்கு எத்தன மார்க் கழிப்பாங்களாம்?”

நான் மலாயில் சொன்னேன். தெரபிஸ்ட் வாய்விட்டுச் சிரித்தார். சமைப்பது இந்தப் பட்டியலில் இல்லை அங்கிள் என்றார். அப்பா தலையாட்டினார். பிறகு இடக்கையால் மேசைமேல் சிந்திய பருக்கைகளைத் தானே ஒதுக்க ஆரம்பித்தார். அம்மாவின் கை பழக்கத்தில் முன்னே வந்தது, பாதி வழியில் நின்றது, திரும்பித் தட்டுக்குப் போய் அடுத்த பிடியைப் பிசையத் தொடங்கியது.